மெரிடித் எழுந்து நின்ற பக்கம்

அக்டோபர் 3, 2022

மதிப்பிற்குரிய மெரிடித் டாலிவர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. அதனால் பதிப்பகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் யொலாண்டா கெய்ன்ஸ். ஆறாம் வகுப்பில் உங்களோடு படித்தவள். உங்களுக்குப் போய் ‘அவர்களுக்கு’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பாக வருகிறது. எத்தனை வரி தாங்குகிறது, பார்க்கலாம்.

என் மகள் அமயாவுக்குப் பதினோரு வயது. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். ‘பதினொன்றாம் எண் பஸ்’. வகுப்பு முழுவதும் அதைத்தான் படிக்கிறார்களாம். அந்த வகுப்பில் அவளைச் சேர்த்துக் கறுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா, இதுல லோலான்னு ஒருத்தி வர்றா. பாஸ்டன்லேருந்து பஸ் ஏறி வெள்ளைக்காரங்க ஊர் ஸ்கூலுக்குப் போறா. நீயும் அப்படித்தானே போனே?” வாங்கிப் புரட்டினேன். நாலு பக்கத்துக்குள் கண்டுகொண்டேன். லோலா நான்தான். மெர்ரி நீங்கள்.

பனி கொட்டிய அந்த வெள்ளிக்கிழமையை நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள். மத்தியானமே பள்ளியை மூடியது, டீச்சர் பட்டியலோடு வாசலில் நின்று உங்களையும் சேர்த்துக் கறுப்பு முகமாகத் தெரிந்த எல்லோரையும் நகரத்து பஸ்ஸில் ஏற்றியது, “நான் இந்த ஊருதான் மிஸ், ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு” என்று நீங்கள் கெஞ்சியது, “வாயாடாதே, ஏறு” என்று அவர் முதுகில் கைவைத்துத் தள்ளியது. பல் டாக்டர் மகள் மெர்ரி எங்களோடு ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு வந்தாள். சாலையெல்லாம் மூடிப்போய் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினாள். அதெல்லாம் சரி. என்னை உருண்டையாக வரைந்ததும் சரி, அப்போது உருண்டையாகத்தான் இருந்தேன். ஆனால் என் அம்மாவுக்கு எதற்கு வேலைக்காரி மாதிரி அப்ரன் மாட்டிவிட்டீர்கள்? ஆர்லீன் கெய்ன்ஸ் பாங்கில் காசாளர். சமைக்கும்போதுகூட அப்ரன் கட்டியதில்லை. உங்களுக்கு மாக்ரோனி போட்டபோதும் ஆபீஸ் பாவாடையில்தான் இருந்தாள்.

அதையும் விடுங்கள். 143ஆம் பக்கத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஜாக்கெட்டைத் திருடிவிட்டேன் என்று என்னைத் துணை முதல்வர் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மெர்ரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிறாள். பக்கம் முழுக்க ஒரே படம். “அவ திருடலே! நான் மறந்துட்டு வந்ததை எனக்காகத் தூக்கிட்டு வந்தா!” அடுத்த பக்கத்தில் ஊரே கைதட்டுகிறது.

அமயா அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாள். “உன் ஃப்ரெண்டு உனக்காக எழுந்து நின்னிருக்காங்க, நீ ஏம்மா சொல்லவே இல்லே?” என்கிறாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்? அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

யொலாண்டா கெய்ன்ஸ்


அக்டோபர் 20, 2022
பிலடெல்பியா

யொலாண்டா,

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. இது நான் எழுதும் நாலாவது பதில். முதல் மூன்றும் கூடையில் கிடக்கின்றன. ஒன்றில் ஒரேயடியாக அழுதிருந்தேன், ஒன்றில் வக்கீல் மாதிரி பேசியிருந்தேன், மூன்றாவதில் உன்னை ‘நீங்கள்’ என்று எழுதித் தொலைத்திருந்தேன்.

உன் அம்மாவின் அப்ரனை நான் யோசித்து மாட்டவில்லை. கை தானாகப் போட்டுவிட்டது. ஒரு கறுப்பு அம்மா, ஒரு அடுப்பு, உடனே ஒரு அப்ரன். இதையே ஒரு வெள்ளைக்காரர் வரைந்திருந்தால் மேடையேறிக் கிழித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

143ஆம் பக்கத்தைப் பற்றி. நான் முதலில் வரைந்தது அது இல்லை. நம்பினால் நம்பு. முதலில் வரைந்தது நடந்ததைத்தான்: அந்த அறை, மேசைமேல் ஊதா நிற ஜாக்கெட், நீ, நான். ஆறு கட்டம், ஆறிலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் எடிட்டர் நல்லவள், சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். அவள் சொன்னாள்: “மெரிடித், பத்து வயசுப் பிள்ளை இதைப் படிச்சுட்டு என்ன செய்யும்? கதாநாயகி கடைசியில ஏதாவது செய்யணும். சும்மா நின்னா பிள்ளைங்க புத்தகத்தை மூடிட்டுப் போயிடும்.” ஒரு வாரம் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. ஒரு மத்தியானத்தில் புதுப் பக்கத்தை வரைந்து முடித்தேன். அந்தப் புத்தகத்திலேயே மிக வேகமாக வரைந்த பக்கம் அதுதான். எழுந்து நிற்பது எவ்வளவு சுலபமாக இருந்தது, தெரியுமா?

அது கதைதான், வாழ்க்கை வரலாறு இல்லை, பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்றெல்லாம் கூடையில் கிடக்கிற இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தேன். இதில் எழுதவில்லை.

உன் அம்மா எப்படி இருக்கிறார்கள்? அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதலாமா?

மெரிடித்


நவம்பர் 9, 2022

மெரிடித்,

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. தாமதமாகிவிட்டது உனக்கு.

உறையின் பின்னால் மின்னஞ்சல் விலாசம் எழுதியிருந்தாய், வேண்டாம். நான் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன், இதுதான் எனக்குக் கை வரும். தவிர, அதில் பதில் உடனே வந்து விழும். எனக்குக் கோபப்பட்டு, ஆறி, மறுபடியும் கோபப்பட நாள் வேண்டும்.

உன் எடிட்டர்மேல் பழியைப் போடாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நீ. அவள் கரண்டிதான் எடுத்துக் கொடுத்தாள். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் ஒருமுறை நான் சொல்லிவிடுகிறேன், காகிதத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை உன் அப்பா காரில் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. என் அம்மா காப்பி நீட்டினாள், கையில்கூட வாங்கவில்லை. காரிலிருந்து வேறு கோட் கொண்டுவந்து உனக்கு மாட்டினார். உன் ஜாக்கெட் எங்கள் வீட்டு ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்தது. என் அம்மா ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து உனக்குப் பின்னிவிட்ட சடையோடு போனாய். திங்கட்கிழமை நீ தலையை அவிழ்த்துவிட்டு வந்திருந்தாய். நான் ஜாக்கெட்டை மடித்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் வருவதற்குள் நீ பேசியாகிவிட்டது. உன் கூட்டாளிகள் “ஐயோ, அங்கயா தூங்கினே? பயமா இல்லையா? ஜாக்கெட் எங்கே?” என்று சுற்றி நின்று கேட்க, “அந்த ஏரியாவுக்குப் போனது எதுவாவது திரும்பி வருமா?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. அவர்கள் உன்னையும் பஸ் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாதே.

மத்தியானம் என் பையைப் பிரித்தார்கள். உன்னைக் கூப்பிட்டார்கள். “இது உன்னுடையதா?” என்று கேட்டார் துணை முதல்வர். “ஆமா” என்றாய். “நீ இவளுக்குக் குடுத்தியா?” “இல்லே.” அவ்வளவுதான். பொய் இல்லை. கொடுக்கவில்லை, மறந்துவிட்டுத்தானே போனாய்! அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று.

மூன்று நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்றார்கள். அம்மா மூன்று பஸ் மாறி வந்தாள். துணை முதல்வரிடம் சத்தம் போடவில்லை. “என் பிள்ளையை இங்க அனுப்புனது படிக்க. உங்க பிள்ளைங்க மறந்துட்டு வர்ற சாமானைச் சுமக்க இல்லே” என்று சொல்லி என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டாள். அதோடு பஸ் முடிந்தது. அங்கே எனக்குக் கணக்கு டீச்சரைப் பிடிக்கும், அறிவியல் கூடம் பிடிக்கும். அங்கிருந்து போகவே மாட்டேன் என்று அழுதிருக்கிறேன். உனக்கு இது தெரிந்திருக்காது.

இன்னும் ஒன்று. பிப்ரவரி பத்தாம் தேதி நீ அமயாவின் பள்ளிக்கு வருகிறாயாம். உன்னை மேடையில் வரவேற்றுப் பேசப்போவது அவள்தான். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. உன் வாயால் நீ சொல்லு.

யொலாண்டா


நவம்பர் 28, 2022

யொலாண்டா,

தெரியாது. நீ அழுதது எனக்குத் தெரியாது. நீயே விரும்பித்தான் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு வயதில் சொன்னதை நாற்பத்திரண்டு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சடையை ஞாயிற்றுக்கிழமை என் அம்மா அவிழ்க்கச் சொல்லவில்லை. நானே குளியலறையில் உட்கார்ந்து அவிழ்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. இதையும் காகிதத்தில் வைத்துக்கொள்.

சொல்கிறேன். பிப்ரவரி பத்தாம் தேதி எல்லார் முன்னாலும் சொல்கிறேன். சத்தியமாக.

மெரிடித்


பிப்ரவரி 12, 2023

யொலாண்டா,

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். தபால் ஆபீஸ் சட்டையோடு. எல்லாவற்றையும் பார்த்தாய். இனி நான் என்ன எழுதினாலும் சப்பைக்கட்டுதான், எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ரயிலில் வரும்போது பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். கோட் பையில் இருந்தது. உன் பெண் மேடையேறினாள். மஞ்சள் கவுன், முன்பல்லில் கம்பி, குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. “இவங்க வெறும் கதாசிரியர் இல்லே. எங்கம்மாவோட சிநேகிதி. எங்கம்மாவுக்காக ஒருநாள் எழுந்து நின்னவங்க” என்றாள். இருநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பேசினேன், படம் போட்டுக் காட்டினேன், மூக்கு வரைவது எப்படி என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். கடைசியில் கேள்வி நேரம். அவளே மைக்கைப் பிடித்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “143ஆம் பக்கம் நிஜமாவே நடந்துச்சா?”

வாசலைத் திறந்தே வைத்துவிட்டாள். நான் நுழைந்தால் போதும். உன்னைப் பார்த்தேன். நீ அசையவில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஆமா” என்றேன்.

ஏன் என்று கேட்காதே. அந்தக் குழந்தைகளுக்காக என்று சொல்லத் தோன்றுகிறது. பொய். அவர்கள் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்களே, அதே ஆசைதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நீ போய்விட்டிருந்தாய். அமயா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மெரிடித்


மார்ச் 6, 2023

மெரிடித்,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் அதற்கென்று ஒரு முத்திரைகூட இருக்கிறது. அமயாவுக்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை.

அவள் வகுப்பில் ரோஸ்லின் என்று ஒரு ஹெய்ட்டிப் பெண். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பாவம், வாய் திறந்து பேசாது. போன செவ்வாய்க்கிழமை ஒரு பையனுடைய காது ஹெட்போன் காணாமல் போயிருக்கிறது. டீச்சர் ரோஸ்லின் பையை மட்டும் கொட்டிப் பார்த்திருக்கிறார். இருபத்தாறு பையில் அந்த ஒரே ஒரு பை. ஒன்றுமில்லை. “வேற எங்க வச்சே, சொல்லு” என்று மறுபடியும் அவளையே கேட்டிருக்கிறார்.

எங்கள் பிள்ளை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். “அவ எடுக்கலே! ஏன் அவ பையை மட்டும் பார்க்கறீங்க?” டீச்சர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மறுபடியும் சொன்னார். மறுபடியும் உட்காரவில்லை. ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் பள்ளி முடிந்தபிறகு தனியாக உட்காரவைக்கும் தண்டனை. ஹெட்போன் அந்தப் பையன் கோட்டிலேயே இருந்ததாம், மறுநாள் கிடைத்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தண்டனையும் குறையவில்லை. எதிர்த்துப் பேசியதற்காம்.

நான் போய் அவள் பள்ளித் துணை முதல்வரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வந்தேன். அது என் பாடு. அமயா சொன்னதுதான் உனக்கு. வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் நின்னேன். யாரும் கைதட்டலே.”

“சரிடா.”

“ரெண்டு பேர் சிரிச்சாங்க. ரோஸ்லின்கூட என்னைப் பார்க்கலே, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நின்னேம்மா. புத்தகத்துல அடுத்த பக்கமே தட்டுவாங்க. நான் தப்பாப் பண்ணிட்டேனா? மெரிடித் மட்டும் எப்படிச் சரியாப் பண்ணாங்க?”

கேட்டாயா? தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறது பிள்ளை. உன்னைப் போலத் தைரியசாலி இல்லை என்று நினைக்கிறது. உன்னைப் போல! எனக்கு வயிறு எரிந்தது. மேடையில் நீ ‘ஆமா’ என்றபோதுகூட இப்படி எரியவில்லை.

நானே அவளிடம் சொல்லிவிடலாம். நான் சொன்னால் அம்மா பழைய கோபத்தில் பேசுகிறாள் என்று நினைப்பாள். நீ வா. மேடை வேண்டாம், மைக் வேண்டாம். என் சமையலறையில் வந்து சொல்லு.

யொலாண்டா


மார்ச் 11, 2023

யொலாண்டா,

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன், பதினொரு மணி ரயிலில். காகிதத்தில் எதுவும் எழுதிக்கொண்டு வரமாட்டேன்.

பதிப்பகத்தோடு பேசிவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் இருக்காது, அதற்குப் பதில் பழைய ஆறு கட்டம் வரும் என்றேன். எடிட்டர், “பிள்ளைங்க அழுவாங்க” என்றாள். “அழட்டும்” என்றேன். இதை என் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே விற்றுப்போன புத்தகங்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. அவை எத்தனை கட்டில் தலைமாட்டில் இருக்கின்றனவோ!

மெரிடித்


மார்ச் 24, 2023

மெரிடித்,

நீ போனபிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நன்றாகச் சொன்னாய். சுற்றி வளைக்கவில்லை. சிரிப்புக்காகப் பேசியதைச் சொன்னாய், ‘இல்லே’ என்று சொல்லிவிட்டு நின்றதைச் சொன்னாய், பிப்ரவரியில் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதையும் சொன்னாய். “நீ பண்ணதை நான் பண்ணதே இல்லே, அமயா. நான் வரைஞ்சது மட்டும்தான்” என்றாய். அவள் எழுந்து உள்ளே போனதும் உன் முகம் செத்துப்போயிற்று. உன்னை ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

திரும்பி வந்தேன். அந்த நகல் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. உன்மேல் கோபமா என்று கேட்டேன். தெரியலே என்றாள். உன்னைத் திட்டுவாள், இல்லை, பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

“அம்மா, அப்ப அந்த ரூம்ல நீ தனியாவா இருந்தே?” என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, மெரிடித். என் அம்மா கேட்டதில்லை, அவளுக்குக் கோபப்படவே நேரம் சரியாக இருந்தது. உன் நாலு கடிதத்திலும் நீ கேட்கவில்லை. நீ எங்கே நின்றாய், என்ன செய்தாய், எவ்வளவு வெட்கப்படுகிறாய், எல்லாம் எழுதினாய். நான் எப்படி இருந்தேன் என்று ஒரு வரி இல்லை.

“ஆமாண்டா, தனியாத்தான் இருந்தேன்” என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதுக்காரி, பிள்ளை முன்னால்.

அவள் நகர்ந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு, “நானும்தாம்மா” என்றாள்.

ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எழுந்தபோது அடுப்பில் வைத்த கோழி கருகியிருந்தது, ரொட்டி வாட்டிச் சாப்பிட்டோம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாயே, அது பெரிது. அதற்காக நாம் சிநேகிதிகள் ஆகிவிட மாட்டோம், அந்த வயது போய்விட்டது. எனக்கு இனி எழுத வேண்டாம். அமயாவுக்கு எழுது. ரோஸ்லின் இன்னும் அவளோடு பேசுவதில்லை, மத்தியானம் என் பிள்ளை தனியாகத்தான் சாப்பிடுகிறாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று முதல் வரியில் கேள்.

யொலாண்டா